தேர்வுப் படிப்புக்கு மழைக்காலமே பருவம்

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள மரக்காணத்து உப்பளங்களுக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில், தேங்கிய தண்ணீரை வடித்து, சேற்றை வழித்து, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கும். மாசி, பங்குனியில் உப்பு விளைய ஆரம்பிக்கும். சித்திரையும் வைகாசியும் உச்சம். ஐப்பசி மழை இறங்கினால் பாத்திகள் மூழ்கிவிடும். அடுத்த தை வரை அங்கே வேலை கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. 2025இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரையிலும், பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28 முதல் ஏப்ரல் 15 வரையிலும் நடந்தன. ஆண்டுக்கு ஆண்டு சில நாள் முன்பின் ஆகுமே தவிர, மாதம் பெரும்பாலும் மாறுவதில்லை. இரண்டு நாட்காட்டிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறதென்று புரிந்துவிடும். பிள்ளைக்கு வீட்டில் பெரியவர்களின் துணை அதிகம் வேண்டியிருக்கும் வாரங்களில்தான் அவர்கள் விடியுமுன் பாத்திக்குப் போய், வெயிலில் உப்பு வாரி, உடம்பு ஓய்ந்து திரும்புகிறார்கள். எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் ‘ஜனவரியிலிருந்து முழுமூச்சாகப் படி’ என்ற அறிவுரை இந்தக் கரைக்குப் பொருந்தவில்லை. இங்கே படிக்கும் பழக்கம் அக்டோபரில், உப்பளம் ஓய்ந்து கிடக்கும்போது, வேரூன்ற வேண்டும். ஊர்களும் பள்ளிகளும் அரசும் அதற்கேற்பத் தங்கள் ஏற்பாடுகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இப்போதைய வழக்கத்தை முதலில் பார்ப்போம். அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் பொதுத்தேர்வுத் தயாரிப்பு சூடுபிடிப்பது அரையாண்டு விடுமுறை முடிந்த பிறகு. திருப்புதல் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு. ‘மெல்லக் கற்போர்’ என்று பிரித்து உட்காரவைக்கப்பட்டவர்களுக்குத் தேர்ச்சி பெறும் அளவுக்குச் சுருக்கிய கையேடு. இதை ஏளனம் செய்வது சுலபம். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர்கள் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த மூன்றை மட்டும் இரண்டு மாதம் விடாமல் போட்டுப் பழகினால் 30 மதிப்பெண் கைக்கு எட்டும். இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்று சரியானால் 36. தேர்ச்சிக்கு 35 போதும். 2025இல் மாநிலம் முழுவதும் பத்தாம் வகுப்பில் 93.80 விழுக்காட்டினர் தேறினார்கள் என்றால், அதில் இந்தக் கடைசி நேர உழைப்புக்கும் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பில் தவறி, நேரே உப்பளத்துக்கோ படகுக்கோ போய்விடக்கூடிய ஒரு பிள்ளையை அந்த 36 மதிப்பெண் காப்பாற்றியிருக்கும். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த 36 மதிப்பெண்ணோடு அதே பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் போய் உட்கார்கிறது. இயற்கணிதம் தொடப்படவில்லை, முக்கோணவியல் பாடமே அதற்கு நடந்ததா என்பது சந்தேகம். வரைபடம் போடத் தெரியும். அந்த வரைபடம் எதைச் சொல்கிறதென்று தெரியாது. இரண்டு மாதத்தில் ஏற்றியது அடுத்த இரண்டு மாதத்தில் இறங்கிவிடும் என்பது மாணவரின் சோம்பலைப் பற்றிய குறை அல்ல. மனித நினைவு வேலை செய்யும் விதமே அப்படித்தான், அதற்கு ஆய்வுச் சான்று ஏராளமாக இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் புகழ்பெற்றது. மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை அமர்ந்து படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மீதி மூன்று முறையும் புத்தகத்தைப் பாராமல் நினைவுக்கு வந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 40 விழுக்காடுதான் மிஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி இன்னொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் நான்கு முறை படித்த குழுவினர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிடுவது ‘எல்லாம் தெரியும்’ என்ற மயக்கத்தைத் தருகிறது. தேர்வறையில்தான் மயக்கம் தெளிகிறது.

கணிதத்துக்கும் இதே கதைதான். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழு வகை வகையாகப் பிரித்துப் போட்டது. மற்றொரு குழு எல்லா வகையையும் கலந்து போட்டது. பயிற்சியின்போது வகை பிரித்துப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 விழுக்காட்டுக்கு விழுந்தது. இரண்டாவது குழு 63 எடுத்தது. நம் பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். உருளைக்கு ஒரு பயிற்சி, கூம்புக்கு ஒரு பயிற்சி, கோளத்துக்கு ஒன்று, இடைக்கண்டத்துக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டு முடிக்கிறோம். எந்தச் சூத்திரம் என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் பத்து விதப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, மேலான பயன் உண்டென்று இரண்டுக்கு மட்டுமே சான்று தந்தார்கள்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் பல நாளில் படிப்பது. நம் பிள்ளைகள் அதிகம் செய்யும் இரண்டும், அதாவது வரிக்கு அடியில் கோடிடுவதும் மறுபடி மறுபடி வாசிப்பதும், அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கின்றன. இடைவெளி விட்டுப் படிக்க நாட்கள் வேண்டும். ஜனவரியில் தொடங்குபவரிடம் அந்த நாட்கள் இல்லை.

இதைச் சொன்னதும் ஒரு மறுப்பு எழும். எழுதிப் பார், சொல்லிப் பார், வாரந்தோறும் சோதித்துப் பார் என்பதெல்லாம் மனப்பாடக் கல்விக்கு வேறு பெயரில் வக்காலத்து. முப்பது நாற்பது ஆண்டுகளாக எதை விட்டு வெளியேறப் பார்த்தோமோ அதற்கே திரும்பச் சொல்கிறீர்கள் என்பார்கள். இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மனப்பாடம் என்று நாம் ஒரே மூட்டையில் கட்டிவைத்திருப்பது இரண்டு வேறு காரியங்களை. கோனார் உரையிலோ கைடிலோ உள்ள விடையை அச்சு மாறாமல் ஒப்பிப்பது ஒன்று. படித்ததை மூடிவைத்துவிட்டு, என்ன புரிந்தது என்று தன் சொற்களில் மீட்டெடுப்பது வேறு. இந்த இரண்டாவது முறை நமக்குப் புதிதும் அல்ல. புதுச்சேரியிலுள்ள ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் கணிதம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எண்சுவடி என்ற வாய்பாட்டு நூலை நினைவில் ஏற்றுவது அங்கே வெறும் சேமிப்பாக இல்லை, கணக்கைத் தீர்க்கும் வழியாகவே நினைவு பயின்றது என்பது அவருடைய ஆய்வு காட்டும் செய்தி. உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் அந்தப் பள்ளிகளின் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை வந்து அதை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி, பிறகு மீட்டல். ஆய்வகங்கள் இன்று சொல்வதும் ஏறக்குறைய இதுதான். திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. பிரம்பும் கோதண்டம் என்ற தண்டனையும் அங்கே இருந்தன. உப்பளத்திலும் வயலிலும் உழைத்த சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடையாது. முறையை எடுத்துக்கொள்ளலாம், திண்ணையை அல்ல.

இனி மழைக்காலத்துக்கு வருவோம். பழக்கம் படிவதற்கு எவ்வளவு நாளாகும்? 21 நாள் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி போன்ற ஒரு புதிய காரியம் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை பிடிக்கும் என்று கணக்கு காட்டியது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு இந்தக் கரைக்கு மிகவும் வேண்டியது: இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கலைந்துவிடுவதில்லை. அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் இறுதி வரை எண்ணிப் பாருங்கள், எழுபது நாளுக்கு மேல் வருகிறது. உப்பளத்தில் வேலை இல்லாத, பெரியவர்கள் வீட்டில் இருக்கும் எழுபது நாள். மாலையில் விளக்கேற்றியபின் முக்கால் மணி நேரம், அன்று நடந்த பாடத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது என்ற ஒரே ஒரு காரியம் அந்த நாட்களில் நிலைபெற்றுவிட்டால், மாசியில் பெற்றோர் பாத்திக்குப் போனாலும் அது தன்பாட்டில் ஓடும். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. புத்தகம் மூடியிருக்கிறதா, கை எழுதுகிறதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

இங்கே என் வாதத்தின் பலவீனமான இடத்தை நானே காட்டிவிடுகிறேன். உப்பளம் ஓய்ந்திருக்கும் மாதங்கள் நிம்மதியான மாதங்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு இந்தக் கரை தெரியாது. வேலை இல்லை என்றால் கூலி இல்லை; கடன் வாங்கும் பருவம் அது. மழைக்காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்திருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான்; ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் என்பது எத்தனை நாள் அரிசியும் பருப்பும் என்று ஒவ்வொரு வீடும் அறியும். கூலி தேடி வெளியூர் போகிறவர்களும் இருப்பார்கள். புயலும் இந்த மாதங்களில்தான் வருகிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. மாவட்டத்தில் பள்ளிகள் தொடர்ந்து பல நாள் மூடிக் கிடந்தன. பாதிக்கப்பட்ட பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது. கூரை ஒழுகும் வீட்டில், மின்சாரம் போன இரவில், எந்தப் பிள்ளை முக்கால் மணி நேரம் எழுதிப் பார்க்கும்?

இந்தக் கேள்விக்கு அரை விடை மரக்காணம் ஒன்றியத்திலேயே இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், மாநிலம் முழுவதும் பேசப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைத்தது இங்குள்ள முதலியார்குப்பத்தில்தான். நாள்தோறும் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ளேயே, அதே ஊரைச் சேர்ந்த ஒரு தன்னார்வலர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்ற எளிய ஏற்பாடு. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். பெரும்பாலும் பெண்களான சுமார் இரண்டு லட்சம் பேர் மாநிலம் முழுவதும் இதில் சேர்ந்தார்கள். அபிஜித் சிங், மொரீசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளி மூடலால் விட்டுப்போன கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 24 விழுக்காடு, இந்த மாலை மையங்களால் வந்தது. மாதம் 1,000 ரூபாய் வாங்கிய, ஆசிரியர் பயிற்சி பெறாத ஒரு பக்கத்து வீட்டு அக்காவால் இவ்வளவு முடிந்திருக்கிறது. அவர் செய்த காரியத்தில் மந்திரம் இல்லை: குறித்த நேரம், குறித்த இடம், பக்கத்தில் ஒரு பெரியவர், கூடப் படிக்க நாலு பேர். பழக்கம் ஊன்றத் தேவையான நான்கும் அதில் இருந்தன.

அந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமானதாக இருந்தது. ஒன்பதும் பத்தும் அதில் சேரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கும் வகுப்புகளுக்குப் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு இருக்கிறதே என்பது அதற்குச் சொல்லப்படக்கூடிய காரணம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குப்பங்களிலிருந்தும் கழுவெளி ஏரியைச் சுற்றிய ஊர்களிலிருந்தும் பஸ் பிடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வரும் ஒரு பெண் பிள்ளைக்கு, மாலை ஆறரை மணிவரை சிறப்பு வகுப்பு என்பதன் பொருள் வேறு. மழைக்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பல வீடுகளில் அத்தோடு வகுப்பு முடிந்துவிடும். சில வீடுகளில் பள்ளிக்கூடமே முடிந்துவிடும். நான் கேட்பது இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊருக்குள் ஒரு மாலை இடம் வேண்டும். ஊராட்சிக் கட்டடம், நூலகம், தொடக்கப் பள்ளியின் ஓர் அறை, எதுவானாலும் சரி. 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையில் கட்டப்பட்ட புயல் பாதுகாப்பு மையங்கள் ஆண்டில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடப்பவை. அவற்றில் ஒரு கூடத்தைத் திறந்துவிட்டால் கூரையும் விளக்கும் கிடைத்துவிடும். அங்கே யாரும் பாடம் நடத்த வேண்டாம். புத்தகத்தை மூடி எழுதிப் பார்க்க, எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றித் திருத்திக்கொள்ள, சந்தேகத்தைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்க, ஓர் இடமும் ஒரு பெரியவரும் போதும். அந்தப் பெரியவராக இருக்க, ஊரில் கல்லூரி படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஏழ்மையை விட்டுவிட்டுப் பழக்கத்தைப் பற்றிப் பேசுவது, படிக்காததற்குப் பிள்ளையையே குற்றம் சொல்வதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பெரும்பாலான ‘தேர்வுக்குத் தயாராவது எப்படி’ கட்டுரைகள் அந்தத் தவறைத்தான் செய்கின்றன: தனி அறை, மேசை, நேர அட்டவணை, விடியற்காலை நான்கு மணி. விடியற்காலை நான்கு மணி உப்பளத்து வீட்டில் யாருடையது? அம்மா வேலைக்குக் கிளம்பும் பருவத்தில், வீட்டில் பத்தாவது படிக்கும் பெண் இருந்தால், தண்ணீர் பிடிப்பதும் உலை வைப்பதும் தம்பி தங்கையைக் கிளப்புவதும் அவள் தலையில்தான் விழும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் சின்னவர்களுக்குப் பள்ளியிலேயே சாப்பாடு போடுகிறது. அதனால் அக்காவுக்குக் காலையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியிருக்கும் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கில் வராத ஒரு பலன். அவளிடம் போய் நான்கு மணிக்கு எழுந்து படி என்று சொல்வது அறிவுரை அல்ல, அறியாமை. தூக்கத்தைக் குறைத்துப் படித்தால் படித்தது தங்காது என்பதும் ஆய்வாளர்கள் உறுதி செய்துவிட்ட செய்தி. பழக்கத்தை வலியுறுத்துவதால் ஏழ்மையை மறந்துவிட்டதாகப் பொருளில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் மாஸ்டரும் தனி அறையும் அம்மாவின் மிரட்டலும் சேர்ந்து அந்தப் பழக்கத்தை விலைக்கு வாங்கித் தருகின்றன. வாங்க முடியாத வீட்டுக்கு அதை ஊரும் பள்ளியும் தர வேண்டும்.

ஆசிரியர்களின் பக்கமிருந்து வரும் மறுப்பு இன்னும் நடைமுறையானது. ஏற்கெனவே வேலைப் பளு. கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றவே பாதி நேரம் போகிறது. இதில் வாரந்தோறும் சிறுதேர்வு வைத்து, அறுபது தாள் திருத்தி, மதிப்பெண் பட்டியல் போட யாரால் முடியும்? முடியாதுதான். அதனால் மதிப்பெண் போடவே வேண்டாம் என்கிறேன். சிலிப் டெஸ்ட் இன்றும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் நேற்று நடந்த பாடத்தை மட்டும் கேட்கிறது, மதிப்பெண் குறைந்தால் இம்போசிஷனில் முடிகிறது. வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் ஐந்து கேள்வி. இரண்டு இந்த வாரத்துப் பாடத்திலிருந்து, இரண்டு போன மாதத்திலிருந்து, ஒன்று ஜூன் மாதப் பாடத்திலிருந்து. பக்கத்துப் பிள்ளையே திருத்தும். தவறிய விடையை மட்டும் ஒரு நோட்டில் சரியாக எழுதிவைக்க வேண்டும். எங்கும் பதிவேற்றம் இல்லை, யாருக்கும் அறிக்கை இல்லை. மேலிருந்து இதற்கு ஒரு படிவம் வந்துவிட்டால் அன்றைக்கே இது செத்துவிடும் என்பதால், கல்வித் துறை இதில் செய்யக்கூடிய பெரிய உதவி படிவம் அனுப்பாமல் இருப்பது. ஜனவரியில் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிய சுமை இதனால் ஆசிரியருக்கே குறையும். தவறை எழுதிய அந்த நோட்டு, புயல் விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளையின் கையில் இருக்கும் ஆசிரியர்.

செல்போனைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை குறையென்று வாசகர்கள் நினைப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு போன் இருக்கிறது, அது பகலில் அப்பாவோடு போய்விடுகிறது என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த உபதேசம் தேவைப்படவில்லை. இரண்டாவது போன் வந்த வீடுகளில், எழுதிப் பார்க்கும் முக்கால் மணி நேரம் மட்டும் அது வேறு அறையில் இருக்கட்டும். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதே, பல பள்ளிகள் அந்த வகுப்புப் பாடத்தை நடத்தாமல் தாண்டிப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டன என்பதற்காக. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை 2025-26 முதல் நீக்கியிருக்கிறது. பிள்ளைகளின் முதுகிலிருந்து ஒரு சுமை இறங்கியது நல்லதே. ஆனால் வெளியிலிருந்து பொதுத்தேர்வு துரத்தினால்தான் படிப்பேன் என்று பழகிப்போன பிள்ளைக்கு, துரத்தல் இல்லாத அந்த ஓராண்டு வெற்றாண்டாகப் போகும் ஆபத்து உண்டு. பத்தாம் வகுப்பில் 36 வாங்கி மேலே வந்தவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். சுயமாகப் படிக்கும் பழக்கத்தோடு பதினொன்றுக்குள் நுழைபவருக்கோ அதே ஓராண்டு, விட்டுப்போன இயற்கணிதத்தைப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த அவகாசம். இரண்டு பேரில் யார் எந்தப் பக்கம் போவார் என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மழைக்காலங்களில் முடிவாகிவிடுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் இருக்கிறார்கள், உள்ளாட்சி உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மரக்காணம் ஒன்றியத்தின் குழுக்கள் செப்டம்பர் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போட்டால் போதும்: எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், யார் பொறுப்பில், அக்டோபர் முதல் நாளிலிருந்து மாலையில் விளக்கு எரியும் என்று. சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.